யோகா அன்ரியின் கிடாரம்

நிரூபாவுக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் வாந்தி வரும். ஆனாலும் சிட்னியில் கடற்படைக்காக ஆளில்லா நீர்மூழ்கிகளைப் பழக்குவதுதான் அவளுக்கு வேலை. போரில் எதிரி கடலடியில் கண்ணிவெடி போட்டால், அதைத் தேடி மனிதர் இறங்கிச் சாக வேண்டாம், இயந்திரமே போய்ப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. எது பாறை, எது வெடி என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பவள் நிரூபா. கரையில் நிற்கும் வான் வண்டிக்குள் இருந்து திரையைப் பார்த்தால் போதும் என்பதால் வயிறு தப்பியது.

போன கோடையில் நகருக்குத் தெற்கே ஒரு குடாவில் ஒத்திகை நடந்தது. மணலில் போட்டுவைத்த போலி வெடிகளையெல்லாம் மஞ்சள் நீர்மூழ்கி ஒழுங்காகக் கண்டுபிடித்தது. பிறகு, யாரும் போடாத ஒன்றையும் கண்டுபிடித்தது. ஒலியால் வரைந்த படத்தில் ஏதோ உருண்டையாக, பாதி புதைந்து கிடந்தது. கண்ணிவெடிதான் என்று இயந்திரம் அடித்துச் சொன்னது. திரும்ப அனுப்பினாள். திரும்பவும் அதையே சொன்னது.

படகுகளை விலக்கினார்கள். பொறுப்பதிகாரி ஹெலனின் முகம் இறுகிவிட்டது. பழைய உலகப்போரின் மிச்சமாக இருக்கலாம் என்றாள். சுழியோடிகள் மெதுவாக நீருக்குள் இறங்கினார்கள். மேலே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

கவிழ்ந்து கிடந்தது ஒரு அலுமினியக் கிடாரம். ஐம்பது பேருக்குக் கறி வைக்கலாம். கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால் விளிம்பில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. எந்த நாட்டுத் தொடரிலக்கம் என்று ஹெலன் கேட்டாள். நிரூபா பாசியைச் சுரண்டிவிட்டு வாசித்தாள்: 'க. யோகா'. பாத்திரம் தொலையாமலிருக்க நாங்கள் பெயர் வெட்டுவோம் என்று விளக்கினாள்.

அப்படியானால் பலித்துவிட்டது என்றாள் ஹெலன்.

கிடாரத்தைக் கொண்டுபோக விட்டார்கள். ஆனால் எங்கே, எப்படிக் கிடைத்தது என்று மூச்சு விடக்கூடாது. கோயிலில் விசாரித்ததில் பல யோகாக்கள் அகப்பட்டார்கள். கிடாரத்தைப் பறிகொடுத்தவர் ஒருவர்தான், கதிர்காமநாதனின் மனைவி.

கதவைத் திறந்த யோகா அன்ரி கிடாரத்தைக் கட்டிப்பிடித்துவிட்டார். "எங்கை பிள்ளை எடுத்தனி? கோயில் பார்க்கிங்கிலை களவு போனதெண்டெல்லோ இவர் சொன்னவர்!"

"வேலையிடத்திலை கிடைச்சது அன்ரி. மிச்சம் சொல்லேலாது."

"நீ நேவியிலைதானே வேலை?" அன்ரியின் கண் விரிந்தது. "நேவிக்காரருக்கு ஏன் என்ர கிடாரம்?"

உள்ளே கதிரையில் இருந்த கதிர்காமநாதன் இதுதான் சமயமென்று எழுந்து வந்தார். "விடும் யோகா. அரசாங்கத்தோடை எங்களுக்கென்ன கதை? தந்திட்டாங்கள்தானே."

ஒரு நாட்டின் கடற்படையே சட்டி திருடியதாகிவிட்டது. மறுக்க வழியில்லாமல் நிரூபா அன்ரி தந்த தேநீரைக் குடித்தாள். உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது.

கார்வரை வழியனுப்ப வந்த கதிர்காமநாதன், மனைவி கேட்காத தூரம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "என்ர கூட்டாளி பாலாவின்ர போட்டிலை போய் நண்டுக்கறி காய்ச்சினனாங்கள், பிள்ளை. கழுவேக்கை கை வழுக்கிப் போட்டுது. இவவுக்குச் சொன்னால் என்னையும் தூக்கிக் கடலுக்கை போட்டிருப்பா."

"எனக்கு ஒண்டும் தெரியாது அங்கிள்."

"ஓம், ஓம். தெரியக்கூடாதுதான்." கார்க் கதவைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினார். "அது கிடந்த இடத்திலை... ஒரு மூக்குக்கண்ணாடி தட்டுப்படேல்லையோ?"