டொக்டரிடம் சொல்லாத வேலை

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்கு இராச் சாப்பாட்டு இடியப்பம் என்னுடையதுதான். ஆனாலும் கிளினிக்கில் டொக்டர், "என்ன வேலை செய்றீங்க அம்மா?" என்று கேட்டபோது, "சும்மா வீட்டு வேலைதான்" என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பக்கத்துக் கதிரையில் படித்த பெண் ஒருத்தி இருந்தாள். அவள் முன்னால் வாய் வரவில்லை.

வலக்கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போயிருந்தன. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்றார் டொக்டர். உள்ளே தகடு வைத்த பட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும், கையை மடக்கி அமத்துகிற வேலை கூடாது.

"ஆறு கிழமை பார்ப்பம். சுகமில்லையெண்டால் ஒப்பரேஷன் செய்து வெட்டுறதைப் பற்றி யோசிப்பம்."

வெட்டுறது என்ற சொல் பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் காதுக்குள் இருந்தது.

பட்டியை ஓர் இரவும் தவறவிடவில்லை. ஆனால் பின்னேரமானால் இடியப்ப உரலைப் பிடித்தேன். இடியப்பம் பிழிவதை டொக்டர் கூடாதென்று சொல்லவில்லையே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். விரல்கள் அப்படியே இருந்தன.

ஆறாம் கிழமை டொக்டர் பட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒட்டுகிற இடமெல்லாம் வெள்ளை.

"என்ன அம்மா, கைக்குப் பவுடர் போட்டுப் படுக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்... அரிசி மா."

"ஓ! ஒரு நாளைக்கு எத்தனை இடியப்பம்?"

"இருநூறு. ஞாயிறு எண்டா கூட."

"இதுவா சும்மா வீட்டு வேலை?"

நேர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது.

"உரலை வேற ஆளிட்ட குடுங்க. இன்னும் ஆறு கிழமை தாறன். வெட்டாமலே சுகமாக்கப் பார்ப்பம்" என்றார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் வீட்டுக்காரர்தான் உரலை எடுத்தார். முதலில் கதவைச் சாத்தினார். மூன்று தட்டு பிழிவதற்குள் வேர்த்துக் கொட்டியது.

"அடியே, இவ்வளவு வருஷமும் இதையா செஞ்ச?"

"மெல்லமாக் கதைங்க, சனத்துக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கதவத் திற, காத்து வரட்டும்."

நாலைந்து கிழமை போனபின், தட்டிலிருந்து இடியப்பம் எடுக்கும்போது பெருவிரலில் சுள்ளென்றது. "சுடுது!" என்று கத்தினேன். "ஊதிப்போட்டு எடன்" என்றார் அவர். நான் ஊதவில்லை. இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த முறை கிளினிக்கில் வேறு டொக்டர். விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வெட்டத் தேவையில்லை என்றார். பிறகு, என்ன வேலை என்று கேட்டார்.

"இடியப்பம் அவிக்கிறனான் டொக்டர்" என்றேன். "பிழியிறது அவர்."