கூழ்ச் சொம்பில் பிடித்த பெட்ரோல்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று, பங்குனி மாதம். மைசூரில் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில், நல்ல மத்தியான வெயிலில் இது நடந்தது.

நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தேன். நஞ்சன்கூடு, நரசிபுரம், ஹுணசூர் என்று ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்த்து ஆர்டர் எடுத்து வரவேண்டும். அதற்குக் கம்பெனி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கூப்பன் இருந்தாலும் சில நாள் பம்பில் சரக்கு இருக்காது.

அந்தச் சமயத்தில் என் மனைவி டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாவது வாரம். காய்ச்சல் இறங்குகிற மாதிரி இறங்கி மறுபடி ஏறும். காலையில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியூர் போவேன், மத்தியானம் ஓடி வந்து பார்ப்பேன், மறுபடி கிளம்புவேன். சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்றே தெரியாது. ஆர்டர் புத்தகத்தில் ஒரே கடைக்காரர் பெயரை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

அன்று காலை பம்பில், அடுத்த வாரம் சரக்கு வருமோ வராதோ என்று சொன்னார்கள். கையில் இருந்த கூப்பன் எல்லாவற்றையும் கொடுத்து, "கழுத்து வரைக்கும் அடிங்க" என்றேன். பம்புக்காரர் நிறுத்தினார். "சார், ஒரு விரக்கடை இடம் விடணும். வெயில் ஏறினா உள்ளே இருக்கிறது பொங்கும்" என்றார். நான் கேட்கவில்லை. வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். மூடியைத் திருகும்போதே விரலெல்லாம் நனைந்தது. அந்த நாளில் அதுகூட எனக்கு ஒரு திருப்தியாக இருந்தது.

பம்பிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். வாசலுக்கு வெளியே ஒரு புங்கமரம் உண்டு. தினமும் வண்டியை அதன் நிழலில்தான் சாய்த்து வைப்பேன். மரத்தின் மறுபக்கம் ஒரு அம்மாள் மேஜை போட்டு இஸ்திரி போடுவார். நாற்பது வயதிருக்கும். மூன்று வாரமாக அவரைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தேன், ஆனால் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லியிருக்க முடியாது.

அன்று காலையில் காய்ச்சல் நூற்று நான்கைத் தாண்டிவிட்டது. நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். "இன்னிக்கு ராத்திரி தாண்டணும்" என்று மட்டும் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி சுமாருக்கு, வெளியே போய் முகம் கழுவி ஒரு டீ குடிக்கலாம் என்று வந்தேன்.

நிழல் மரத்தின் மறுபக்கம் போயிருந்தது. என் வண்டி முழு வெயிலில் நின்றது. அந்த அம்மாள் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டாங்கிக்குக் கீழே ஒரு பித்தளைச் சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். சொம்புக்குள் பெட்ரோல்.

ஓடிப்போய்ச் சொம்பைப் பிடுங்கினேன். "கள்ளி! கள்ளி!" என்று கன்னடத்தில் கத்தினேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "சோர்தா இதே சாமி, சோர்தா இதே" என்றார். ஒழுகுகிறது என்கிறார். அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எத்தனை நாளாக இந்த வேலை நடக்கிறது, யாருக்கு விற்கிறாய் என்று கேட்டேன். போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன். மூன்று வாரத்து ஆத்திரம் முழுவதும், காய்ச்சல் மேலும் டாக்டர் மேலும் காட்ட முடியாதது எல்லாம், அந்த அம்மாள் தலையில் இறங்கியது. இருபது பேர் கூடிவிட்டார்கள். இஸ்திரிக்குத் துணி கொடுத்திருந்த ஒரு வீட்டின் வேலைக்காரர், மேஜை மேல் இருந்த அந்த வீட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாள் அவர் பின்னால் இரண்டடி போய் நின்றுவிட்டார்.

கூட்டத்தில் முன்னால் நின்ற ஒருவர் வேடிக்கை பார்த்தபடியே பீடியை வாயில் வைத்து நெருப்புப் பெட்டியை எடுத்தார்.

"ஐயோ, பத்த வெக்காதீங்க!"

அந்த அம்மாள் தமிழில்தான் கத்தினார். அதுவும் எங்கள் கொள்ளேகாலம் பக்கத்துத் தமிழ். பாய்ந்துபோய் அந்த ஆள் கையைத் தட்டிவிட்டார். பெட்டி கீழே விழுந்து குச்சிகள் சிதறின. "தரையெல்லாம் நனைஞ்சு கெடக்குதுங்க, பாருங்க!"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அதிலிருந்து பெட்ரோல் கசிந்து, டாங்கியின் பக்கவாட்டில் கோடாக இறங்கி, நான் பார்க்கப் பார்க்கச் சொட்டியது. கீழே அவர் கையால் அள்ளிப் போட்ட மண் ஈரமாகக் குவிந்திருந்தது. ஈரம் அதையும் தாண்டி மேஜைக்கால் வரை போயிருந்தது. மேஜைக்கடியில் இருக்கவேண்டிய, தணல் வைக்கும் கரித்தட்டு இல்லை. இஸ்திரிப் பெட்டியும் இல்லை. இரண்டும் சாலைக்கு அந்தப்பக்கம் சாக்கடையோரம் கிடந்தன, கரியெல்லாம் தண்ணீரில் கறுத்து மிதந்தது.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. சிலர் நான் கத்தியதை மட்டும் கேட்டுவிட்டு முன்பே போயிருந்தார்கள். அவர்களுக்கு அந்த அம்மாள் திருடிதான்.

"என்னம்மா ஆச்சு?" என்று தமிழில் கேட்டேன். என் குரல் எனக்கே வெட்கமாக இருந்தது.

"வாசம் வந்துச்சுங்க. திரும்பிப் பாத்தா உங்க வண்டி ஒழுகுது, எங்கட்டத் தணல் இருக்குது. தணலைத் தூக்கிட்டு ஓடி அந்தாண்ட கொட்டினேனுங்க. அப்புறமும் நிக்கலை. கிடைக்காத சாமானாச்சே, வீணாப் போகுதேன்னு சொம்பை வெச்சேன்."

சொம்பில் அதற்கு முன் என்ன இருந்தது என்று கேட்டேன். அவர் மரத்தடியைப் பார்த்தார். அங்கே கூழ் கொட்டிக் கிடந்தது. அது அவருடைய மத்தியானச் சாப்பாடு.

இடது உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது. கரித்தட்டைத் துணிகூடச் சுற்றாமல் தூக்கியிருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கேயே வேர்மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"எந்திரிங்க, சாமி. உங்கூட்டம்மா உள்ளார படுத்திருக்காங்கன்னு தெரியும். தினமும் கஞ்சித் தூக்கோட போறதைப் பாக்கறனில்லீங்களா. போங்க, அவங்களைப் போய்ப் பாருங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்.

அவரையும் கையோடு உள்ளே கூட்டிப்போய் நர்ஸிடம் கட்டுப் போட வைத்தேன். வண்டியை நிழலுக்குத் தள்ளி, டாங்கியிலிருந்து கொஞ்சம் இறக்கிய பிறகுதான் கசிவு நின்றது.

மறுநாள் என் மனைவிக்குக் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போகிற அன்று, ஜட்கா வண்டியில் ஏறுவதற்கு முன் புங்கமரத்தடிக்குப் போகவேண்டும் என்றாள். கதை முழுவதும் சொல்லியிருந்தேன். அவளும் அந்த அம்மாளும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளியே நின்றேன்.

அதற்கு முன்பே, மூட்டையைத் தூக்கிப்போன அந்த வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, இரண்டு தடவை போனேன். தப்பு என்னுடையது, அந்த அம்மாள் எங்கள் எல்லோரையும் காப்பாற்றியவர் என்று சொன்னேன். வீட்டுக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "இருக்கட்டும், நாங்க துணியை வேற இடத்தில் கொடுத்துட்டோம்" என்றார்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போதும் ஏதாவது ஒன்றைப் பறிகொடுத்துவிட்டோம் என்று ஆத்திரம் வரும்போது, வாயைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வீட்டுத் துணி அவர் மேஜைக்குத் திரும்பி வரவேயில்லை என்பது மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.