பூ உதிர்ந்த ஆர்க்கிட் தண்டு

சாங்வி என்ற ஊரில் எங்கள் மேல்மாடி வீட்டுக்காரி செல்வி, கோயம்புத்தூர்ப் பெண். அவள் காயப்போடும் துணி என் பால்கனியில் சொட்டியதில் பெரிய சண்டையாகிப் பேச்சே நின்றுவிட்டது. இரவு ஜெபத்தில் அக்கம்பக்கத்தார் பெயரையெல்லாம் சொல்லுவேன். அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

பட்டாம்பூச்சி போலப் பூத்த என் பால்கனி ஆர்க்கிட் செடியில் ஒருநாள் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. இனி எதற்கென்று, தண்டை வெட்டக் கத்தரியை எடுத்தேன்.

"ஐயோ, அடியோட வெட்டாதீங்க்கா!" மேலிருந்து செல்வி கத்தினாள். "தண்டு பச்சையாத்தானுங்க இருக்குது. கீழ ரெண்டு கணு விட்டு வெட்டுங்க, மறுபடி பூக்கும்."

"என்கூடப் பேசமாட்டேன்னியே?"

"கோவம் உங்க மேலதானுங்க. செடி என்ன பண்ணுச்சு?"

சிரித்துவிட்டேன். அவள் சொன்ன இடத்தில் வெட்டினேன்.

கணுவில் மொட்டு வர மாதக்கணக்காயிற்று. அவள் பெயரோ அன்றிரவே என் ஜெபத்தில் வந்துவிட்டது.