வெறும் தகட்டில் மஞ்சள் தண்ணீர்

1. தரையில்லாத கார்

முதல் நாள் அந்தக் காரின் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தேன். கால் நேரே போய் கராஜின் சீமெந்துத் தரையில் நின்றது. காருக்கு அடித்தட்டு என்று ஒன்று இல்லை. துருக் கறள் தின்று முடித்திருந்தது. கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காமலே வாங்கியிருக்கிறார்கள்.

"நல்ல கண்டிசன் எண்டுதான் அண்ணை விக்கிறவன் சொன்னவன்" என்றார் பாலன்.

"எது நல்ல கண்டிசன்? காரோ, அவன்ர வாயோ?"

நான் மொன்றியலில் கார் உடம்பு திருத்தும் போடி ஷொப்புகளில் முப்பது வருடத்துக்கு மேல் தகடு வெட்டி, ஒட்டி, பெயின்ற் அடித்து ஓய்வுபெற்றவன். பாலன் பக்கத்து லவாலில் வீடு வாங்கி இருப்பவர், என் மனைவியின் ஊர்க்காரர். ரெஸ்ரோரண்ட் குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பெரிய சமையல்காரராக வந்த மனிதர். இளவயதிலிருந்தே அவருக்கு ஒரு அமெரிக்க மசில் காரில் ஆசை. இது எழுபதாம் ஆண்டளவில் செய்தது. இரண்டு கதவு, வீ-எய்ட் எஞ்சின், கையால் மாற்றும் நாலு கியர். எந்தக் கொம்பனி என்று சொல்லமாட்டேன், சொன்னால் ஆளுக்கொரு வியாக்கியானத்தோடு வந்து நிற்பீர்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். பாலன் சொன்ன ஒரு விஷயத்தால் மாட்டுப்பட்டேன்.

"சீனி வருத்தம் கண்ணில பிடிச்சிட்டுது அண்ணை. இந்த வருசம் சமாளிக்கலாம், அடுத்த வருசம் லைசென்ஸ் கிடைக்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இந்தக் கோடைக்குள்ள ஒருக்கா எண்டாலும் நான் இதை ஓடவேணும்."

எங்கள் ஊர்க் கோடை எவ்வளவு நீளம் என்று தெரியும்தானே. பனி உருகத் தெருவில் உப்புப் போட்டுவிட்டால் இப்படியான காரை வெளியே எடுக்கவே முடியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

2. சனிக்கிழமைக் கூட்டம்

ஏப்ரலில் தொடங்கினோம். அழுகிய அடித்தட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினேன். பின்பக்கத் தகடுகளுக்கு அமெரிக்காவுக்கு ஓடர் கொடுத்தால் இடப்பக்கத்துக்கே இரண்டு வந்தது, வலப்பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டு எல்லையில் கிடக்கிற பெட்டிக்குக் காத்திருந்தோம். இது போதாதென்று சனிக்கிழமைகளில் பார்வையாளர்கள். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு கராஜ் வாசலில் வரிசையாக நிற்பார்கள்.

"உதுக்கு உள்ளால பட்டியைப் பூசிவிட்டா என்ன?"

"பெற்றோலைத் தண்ணி மாதிரிக் குடிக்குமே!"

புரோசார்டிலிருந்து வந்த பாலனின் மச்சான் ஒருவர் வீடியோ பார்த்துப் படித்து வந்து எனக்கு வெல்டிங் சொல்லித் தந்தார். வாயை மூடிக்கொண்டு முகமூடியைப் போட்டுக்கொண்டேன். முகமூடியின் பெரிய நன்மை அதுதான்.

தேத்தண்ணி போட்டுத் தருவது பாலனின் மனைவி வதனி. ஒரு கார்டரியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை. அவர் கராஜுக்குள் எட்டிப் பார்த்தால், "தங்கச்சி, தூசி, உள்ளுக்கு வராதைங்கோ" என்று அனுப்பிவிடுவேன். அவரும் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

3. கலியாணத்துக்குப் போய் வந்த திங்கள்

ஜூலைத் தொடக்கத்தில் பழைய பெயின்ற் எல்லாம் உரித்து, கார் வெறும் தகடாக நின்றது. பிறைமர் என்கிற அடிப்பூச்சை அடிக்கும்வரை அந்தத் தகடு உரித்த வாழைப்பழம் மாதிரி. வியர்த்த கையால் தொட்டால் மறுநாள் ஐந்து விரலும் கறளாகத் தெரியும். பிறைமர் கராஜில் அடிக்கலாம், கடைசிப் பெயின்ற்றுக்குத் தூசி புகாத பூத் அறை வேண்டும். பழைய நண்பர் ஒருவர் தன் கடை பூத்தை எங்களுக்கு ஒதுக்கித் தந்திருந்தார், கட்டட விடுமுறைக்கு முன்வாரம். ஜூலைக் கடைசியில் அந்த விடுமுறைக்கு அரைவாசிக் கியூபெக் பூட்டிக் கிடக்கும். திறந்த பிறகு இன்சூரன்ஸ் வேலைகள் குவிந்துவிடும். ஆகவே அந்த வாரத்தை விட்டால் கோடை போச்சு.

பிறைமருக்குக் கலக்கும் ஹார்ட்னர் வெள்ளிக்கிழமை வரவேண்டும், வரவில்லை. எனக்கு ரொறன்ரோவில் தங்கையின் மகனுடைய கலியாணம். போகாவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் மெஷினைப் போட்டுவிட்டு, பாலன், வதனி இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: "ஒருத்தரும் கை வைக்கப்படாது."

திங்கள் காலையில் வந்து கராஜ் கதவைத் தூக்கினேன். அம்மாள் வருத்தம் வந்த பிள்ளை மாதிரி கார் முழுக்கச் செம்மஞ்சள் புள்ளி. பொனெற்றில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு. முன் சில்லடியில் உடைத்த தேங்காய்.

"ஆர் இதைச் செய்தது?"

வதனி படியில் வந்து நின்றார். "நான்தான் அண்ணை. சனிக்கிழமை வந்தவை எல்லாரும் வாயைப் பிளந்து பாத்திட்டுப் போச்சினம். கண்ணூறு பட்டிடும் எண்டு மஞ்சள் தண்ணிக்குள்ள ஒரு பிடி உப்பும் போட்டுத் தெளிச்சனான்."

"உப்போ!"

"நான் கை வைக்கேல்லை அண்ணை. மாவிலையாலதான் தெளிச்சனான்."

"ஐயோ கடவுளே! இவ்வளவு வருசமா றோட்டு உப்புத்தான் இந்தக் காரைத் திண்டது. அது மிச்சம் விட்டதை நீங்கள் வீட்டுக்குள்ள வைச்சு ஊட்டி விட்டிருக்கிறியள்!"

பாலன் கதவுத் தகட்டுக்குக் கிட்டப் போய்க் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இனி இந்தக் கோடைக்கு ஏலாதோ அண்ணை?"

"ஏலாது" என்றேன். வதனி உள்ளே போய்விட்டார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் ஆறவில்லை.

4. உரஞ்சுதல்

உப்புத் தண்ணீர் என்றால் மேலால் துடைத்துவிட்டு அடிக்க முடியாது. மூட்டு மூட்டாகக் கழுவி, காயவைத்து, அசிட் பூசி, திரும்ப முழுக் காரையும் மண் கடதாசியால் உரஞ்ச வேண்டும். பூத் தந்த நண்பருக்குப் போன் செய்தேன். "செப்டெம்பரில பாப்பம் அண்ணை" என்றார்.

அன்று பின்னேரம் வதனி பழைய உடுப்போடு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு கராஜுக்குள் வந்தார். "அந்தக் கடதாசியைத் தாங்கோ."

"போங்கோ தங்கச்சி, இது உங்கட வேலையில்லை."

"நான் கெடுத்தது. போகமாட்டன். காட்டுங்கோ."

காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். பாலனை விட நன்றாக உரஞ்சினார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து உரஞ்சினார். ஒருநாள் கடதாசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கை வைக்காதை எண்டு மட்டும் சொன்னனீங்கள். ஏன் எண்டு சொன்னனீங்களோ? சொல்லியிருந்தா நான் உப்புப் போட்டிருப்பனோ?"

"தண்ணி கொஞ்சம் கொண்டு வாங்கோ" என்றேன்.

செப்டெம்பரில் பூத் கிடைத்தது. கடும் நீலம், நான் அடித்ததில் இதுதான் திறம் என்று சொல்வேன். அதே வாரம் பாலனின் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தது. அடுத்த வருடம் என்று சொன்ன டொக்டர், இன்றோடு ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுத்தியலைத் தூக்கி எறியவேண்டும் போல இருந்தது. யாருக்கு எறிவது?

5. ஞாயிறு காலை

ஒக்டோபரில் எஞ்சினைப் பூட்டி, கார்புரேற்றரைச் சரிசெய்து முடித்தேன். உப்பு லொறி வர முன்னம் ஒரு ஞாயிறு காலை மூவரும் லவாலில் ஷொப்பிங் சென்டர் ஒன்றின் வெறுமையான பார்க்கிங்குக்குப் போனோம். நான்தான் ஓட்டிப் போனேன். பாலன் டிரைவர் சீற்றில் கொஞ்ச நேரம் இருந்தார். ஸ்டியரிங்கைத் தடவினார். பிறகு இறங்கினார்.

"வதனி, நீ ஏறு."

"எனக்கு ஒட்டோமற்றிக்தான் தெரியும்! உங்களுக்கென்ன விசரே?"

"ஏறு, நான் சொல்லித் தாறன்."

"கண் தெரியாத நீங்கள் சொல்லி நான் ஓடவோ?"

"றோட்டை நீ பார். எஞ்சினை நான் பாக்கிறன்."

வதனிக்குக் கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் என் ஜக்கெற்றைச் சுருட்டி வைத்தோம். நான் பின்சீற்றில் முழங்கால் நாடியில் இடிக்க ஒடுங்கி இருந்தேன். கார் துள்ளிப் பாய்ந்து நின்றது. திரும்பவும் நின்றது. என் தலை கூரையில் மோதியது.

"கிளச்சை மெல்ல விடு! மெல்ல!"

"கத்தாதைங்கோ! கத்தினா இறங்கிப் போயிடுவன்!"

பிறகு ஒருமாதிரி உருண்டது. பாலன் பேச்சை நிறுத்திவிட்டு, கையை டாஷ்போர்ட்டில் வைத்து, தலையைச் சரித்து எஞ்சினைக் கேட்டார். "இப்ப" என்றார். வதனி கியரை மாற்றினார். "இப்ப." திரும்ப மாற்றினார். பார்க்கிங்கைப் பல தரம் சுற்றிய பிறகு பாலன் வாயைத் திறக்க முன்னமே வதனி மாற்றத் தொடங்கிவிட்டார். பாலன் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

திரும்பும்போது, "அண்ணை, உங்களை மெற்றோவில விடவோ?" என்று கேட்டார் பாலன். "பின்னுக்குப் பாரம் கூடிப்போச்சாம், வதனி சொல்லுறா."

ஒரு கோடை முழுக்க முதுகு முறிந்தவனுக்குக் கிடைத்த மரியாதை! மெற்றோ வாசலில் இறங்கி நின்று, வதனி ஓட்டிப் போகிற காரைப் பார்த்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, வெறும் தகட்டை விட்டுவிட்டுக் கலியாணத்துக்குப் போகாதீர்கள், மாப்பிள்ளை உங்கள் கூடப்பிறந்தவனாக இருந்தாலும். வீட்டு கராஜில் வேலை என்றால் அந்த வீட்டில் இருக்கிற எல்லாரையும் முதல் நாளே உள்ளே கூப்பிட்டு, ஏன் எதற்கு என்று விளக்குங்கள். ஓட்டப்போவது வேலை தந்தவர் ஒருவர்தான் என்று நினைத்து அளவெடுக்காதீர்கள். சீற்றை முன்பின் நகர்த்தும் தண்டவாளம் கறளில் போனதால், நான் பாலனின் காலுக்கு அளவு பார்த்து, சீற்றை அடித்தட்டிலேயே போல்ற் போட்டு இறுக்கியிருந்தேன்.

திங்கட்கிழமை பாலன் போன் செய்தார், சீற்றை வதனிக்கு அளவாக மாற்ற வேண்டுமாம். ஸ்பானர் சாவிகளை எடுத்துக்கொண்டு போய், போல்ற்றைக் கழற்றி, புதுத் துளை போட வதனியை உட்கார வைத்து அளவு பார்த்தேன். பாலன் வெளியே நின்று, திறந்த கதவால் கையை விட்டு வதனியின் முழங்காலுக்கும் கிளச்சுக்கும் இடையில் தடவிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் முன்னுக்கு அண்ணை" என்றார்.