மூன்று மணிக்கு மேல் டோரதி அண்ணி பேசமாட்டார்

எங்கள் டோரதி அண்ணிக்குத் திமிர் என்று எங்கள் தெருவான டத்தோ கிராமாட் ரோடு முழுக்கச் சொல்லி வைத்தவள் நான்தான். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? 1934-இல் எனக்கு இருபத்தொரு வயது. கோபம் மூக்கு நுனியிலேயே நிற்கும். லீனா வாயைத் திறந்தால் டிராம்கூட நின்று கேட்டுவிட்டுப் போகும் என்று என் அண்ணன் ஹென்றி கேலி செய்வார்.

அண்ணி ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு நீள ஹால். நடுவில் ஒரு தட்டிகூடக் கிடையாது. அந்தப் பக்கம் ஒரு வகுப்பு அகரவரிசை பாடும், இந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும். நடுவில் அண்ணிக்கு அறுபத்திரண்டு பிள்ளைகள். வெளியே டிராம் மணி, ரிக்‌ஷாக்காரர்களின் சண்டை. இத்தனைக்கும் மேலே அண்ணி எட்டு வருஷம் கத்தினார். வீட்டுக்கு வந்தால் நாங்கள் ஒன்பது பேர். அக்கம்பக்கத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துக் காட்ட அண்ணிதான் வேண்டும். முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு வருஷமாகக் கரகரத்துக்கொண்டிருந்த தொண்டை கடைசியில் போயேவிட்டது. பேசினால் ஓட்டைத் துருத்தி ஊதுகிற மாதிரி காற்றுதான் வந்தது. பள்ளி மேனேஜர் ஆறு வாரம் லீவு கொடுத்தார். அதற்குள் குரல் திரும்பாவிட்டால் வேறு டீச்சரைப் போட்டுவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அந்த வகுப்புதான் அவருக்கு எல்லாம்.

டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். மண்வெட்டி பிடிக்கிறவன் கையில் விழுவதைப் போலக் குரல் நரம்பில் காய்ப்பு விழுந்திருக்கிறதாம். பேச வேண்டியதை மட்டும் மெதுவாகப் பேச வேண்டும். தினமும் மூன்று மணி நேரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுத்தாலும் கெடுதல். ஒருநாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. அண்ணி பிற்பகல் மூன்றிலிருந்து ஆறு வரை என்று வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் வாய் ஓயாத நேரம் அதுதான்.

இதில் என் கூத்தைக் கேளுங்கள். அண்ணி மௌனத்தைத் தொடங்கிய அன்று காலையில்தான், அவர் வைத்த மீன் குழம்பில் உப்புத் தூக்கல் என்று நான் முகத்தைச் சுளித்திருந்தேன். மூன்று மணிக்கு, "அண்ணி, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கையை மட்டும் ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் வாய் பேசவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அவள் யாரோடோ சண்டை. டாக்டர் சொன்னதை ஹென்றி அண்ணன் எடுத்துச் சொன்னார். அம்மா நம்பவேயில்லை.

"மருந்து குடுக்கிற டாக்டர பாத்திருக்கேன். ஊமையா இருக்கச் சொல்ற டாக்டர் எந்த ஊர்ல இருக்கான்? அவ மனசுல என்னமோ வச்சிருக்கா. நீ அதுக்கு டாக்டர் பேர சொல்ற."

நான் விடுவேனா? காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாலும் இதே பேச்சு, ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றாலும் இதே பேச்சு. நாலு வாரம் இப்படிப் போனது. அண்ணி ஒரு நாளும் தவறவில்லை. மூன்று அடித்ததும் வாயை மூடுவார். மற்ற நேரத்திலும் ஒன்றிரண்டு வார்த்தைதான், அதுவும் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும். பின்கட்டில் உட்கார்ந்து வெந்நீர் குடிப்பார், தைப்பார், சும்மா கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். ஒரு பெண் சும்மா இருப்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்தாவது வாரம் அம்மா ஆள் அனுப்பிவிட்டார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து சூசை மாமா வந்தார். எங்கள் சொந்தத்தில் எந்தச் சண்டை என்றாலும் தீர்த்து வைப்பவர் அவர்தான். கோட்டு மாட்டிக்கொண்டு, ரயில் ஏறி, ஃபெரி ஏறி, ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தார். அவர் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பக்கத்தையும் கேட்பார். கடைசியில், "இத்தோட விட்டுடலாமா?" என்பார். கோபித்தவர்கள், "சரி மாமா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையோடு சண்டை முடிந்தது. சொல்லாமல் யாரும் எழுந்ததில்லை.

நான் உப்பு விஷயத்திலிருந்து ஆரம்பித்து மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். மாமா அண்ணி பக்கம் திரும்பினார்.

"சின்னப் பொண்ணு தெரியாம சொல்லிட்டா. இத்தோட விட்டுடலாமாம்மா?"

அண்ணி கையைக் கூப்பினார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வாய் திறக்கவில்லை.

"சரின்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ஹென்றி அண்ணனுக்கே தாங்கவில்லை. "டோரதி, ஒரே ஒரு வார்த்ததான. பெரியவங்க முன்னால எனக்கு அவமானமா இருக்கு லா," என்றார்.

அண்ணியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஹென்றி அண்ணன் பக்கம் திரும்பினார். சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், பாவி. ஆனால் அவர் தலையை அசைத்து மறுத்தார்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். அண்ணி ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார். நாற்காலியைக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் ஆறைக் காட்டினார். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார். மாமா என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீடு அவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது அன்றுதான்.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் திரிகால செபத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றோம். அம்மா அழுகையோடு தொடங்கினார். பதில் சொல்ல நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல் பதில் சொன்னது. கரகரப்பு இல்லை, காற்று இல்லை. இரண்டு வருஷமாக நாங்கள் மறந்தே போயிருந்த குரல்; லீவு தொடங்கியதிலிருந்து செபத்தில் உதட்டை மட்டும் அசைத்துவந்த அண்ணியின் குரல். அம்மாவுக்கு அடுத்த வரி வரவில்லை.

செபம் முடிந்ததும் அண்ணி மெதுவாகச் சொன்னார்: "சரி மாமா. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. என் தொண்டைய நான் பாத்துக்காம வேற யார் மாமா பாத்துக்குவா?"

மாமா என்னைத்தான் பார்த்தார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. எழுந்துபோய் அண்ணி காலில் விழுந்தேன்.

லீவு முடிந்த திங்கட்கிழமை, அண்ணியின் பையைத் தூக்கிக்கொண்டு நானே பள்ளிக்கூடத்துக்குக் கூடப் போனேன். அங்கே குணவதி என்று ஒரு புது டீச்சர் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி இடத்துக்குத்தான். குரல் எட்டுகிறதா என்று பார்க்க மேனேஜர் ஹாலின் கடைசியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் அகரவரிசை, மறுபக்கம் வாய்ப்பாடு. அண்ணி கத்தவில்லை. அந்தப் பக்கம் மூச்சு வாங்க நிறுத்தும்போது இவர் பேர் கூப்பிட்டார். "காமாரியா." "உள்ளேன் டீச்சர்." "சந்திரிகா." "உள்ளேன் டீச்சர்." கடைசி பெஞ்சில் நூர்ஜான் வரைக்கும் அறுபத்திரண்டு பேரும் ஒரு தடவையிலேயே பதில் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே இருந்த எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மேனேஜர் நடந்து வந்தார். "ரொம்ப சந்தோஷம் டீச்சர். அப்ப இந்தம்மாவ அனுப்பிடுறேன்."

குணவதி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்றைக்கும் யாருக்கும் முடியாது என்று சொல்லாத எங்கள் அண்ணி, அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அனுப்ப முடியாது சார். அறுபத்திரண்டு பிள்ளைங்களுக்கு ஒரு தொண்ட பத்தாது. பாதிய அவங்க எடுக்கட்டும்."

மேனேஜர் அண்ணியைப் பார்த்தார், அந்த ஹாலைப் பார்த்தார். ஆங்கிலத்தில் என்னவோ முணுமுணுத்தார். பிறகு தன் கையாலேயே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.