வதனி பயந்த நாள்

மயிலாப்பூரில் நாங்கள் இரண்டு வாரத்துக்கு எடுத்திருந்த வாடகை வீட்டிலிருந்து பால் வாங்க இறங்கினால், கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குக் கழுத்து வலித்துவிடும். நோர்வேயில், பெர்கன் நகரத்தில், முப்பத்துநான்கு வருடமாகத் தெருவில் தமிழ் காதில் விழுந்தால் திரும்பிப் பார்ப்பது என் பழக்கம். அங்கே தமிழ் பேசுகிறவர் தெரிந்தவராக இருப்பார், இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் தெரிந்தவராகிவிடுவார். இங்கே போனில் சண்டை பிடிக்கிறவர், பூ விற்கிறவர், குப்பை வண்டியின் ஒலிபெருக்கி என்று எல்லாம் தமிழ். ஒவ்வொன்றுக்கும் திரும்புகிறேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

கடையில் நான் வாய் திறப்பதில்லை. விரலால் காட்டி வாங்குவேன். வெளிநாட்டில் இருக்கும் உங்களில் சிலருக்கு இதன் காரணம் சொல்லாமலே விளங்கும். இருபத்திரண்டு வயதில், நோர்வேக்குப் போவதற்கு முன், அசோக் நகரில் ஓர் அறையில் ஒன்பது பேரோடு மூன்று மாதம் அடைந்து கிடந்தேன். எங்களை அனுப்பப்போகிற ஏஜென்சிக்காரர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார்: வெளியே போய்க் கதைக்காதே, வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம் என்று தெரிந்துவிடும். கையில் ஒழுங்கான பத்திரம் எதுவும் இல்லாத எங்களுக்கு அது போதும். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் பத்துப் பேரும் மூச்சை அடக்குவோம். இப்போது என் சட்டைப்பைக்குள் நோர்வேயின் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. ஆனாலும் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

என் மனைவி வதனி இதற்கு நேரெதிர். விமானம் குலுங்கினால் தொட்டில் என்பாள். பெட்டி வராவிட்டால் சுமை குறைந்தது என்பாள். "டெ கோர் ப்ரா" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும் நோர்வேஜிய வார்த்தை. எல்லாம் சரியாகப் போகும் என்று அர்த்தம். புறப்படும்போது எங்கள் மகளும், "அப்பா, அம்மாவைப் போல பொசிடிவ்வா இருங்கோ. இல்லாட்டி இரண்டு பேற்றை பயணமும் பழுதாப் போகும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். எனக்கும் அந்த ஆசைதான். பயப்படாத மனம் சிலருக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது என்று நினைத்து, வதனி மேல் உள்ளூரப் பொறாமையும் பட்டிருக்கிறேன்.

யோகனைப் பார்க்க வேளச்சேரிக்குப் போன நாளில்தான் அந்த நினைப்பு உடைந்தது. யோகன் அசோக் நகர் அறையில் என் பக்கத்துப் பாயில் படுத்தவன். அவனுடைய பயணம் மட்டும் இரண்டு முறை தோற்று, கடைசியில் இங்கேயே தங்கிவிட்டான். போன வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அன்று காலையிலிருந்தே மழை. நாளைக்குப் போவோம் என்றேன். "பெர்கன் மழைக்குள்ள சீவிக்கிற ஆக்கள் நாங்கள். வாங்கோ" என்று வதனி குடையை எடுத்துவிட்டாள்.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறும்போது வெறும் மழையாக இருந்தது, வேளச்சேரியில் இறங்கும்போது வெள்ளமாகிவிட்டது. பெர்கனில் மழை பெய்து ஓடிப்போகும். இங்கே அது போக இடமில்லாமல் தெருவிலேயே நின்றது. எந்த ஆட்டோவும் வர இணங்கவில்லை. யோகனின் வீடு பத்து நிமிட நடைதான். வதனி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். முதல் திருப்பத்தில் கணுக்கால், இரண்டாவது திருப்பத்தில் முழங்கால். சாக்கடையும் மழையும் கலந்த பழுப்புத் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் கதிரை எங்களைத் தாண்டி மிதந்து போனது. தரை தெரியவில்லை. ஒவ்வொரு அடியையும் காலால் தடவித் தடவி வைத்தேன். எந்தக் கம்பத்தில் மின்சாரம் கசியுமோ என்று கம்பங்களைப் பார்த்தேன். கடவுச்சீட்டு நனையாமல் சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ஸ்லாப்பு! ஸ்லாப்பு!"

நோர்வேயில் பதறுகிறவரிடம் "ஸ்லாப் ஆவ்" என்பார்கள், பதறாதே என்று. அந்த வெள்ளத்துக்குள் யாரோ எனக்கு நோர்வேஜிய மொழியில் ஆறுதல் சொல்கிறார் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். தைரியமாக அடுத்த அடியை எடுத்து வைக்கப் போனேன். சட்டையைப் பிடித்து ஒரு கை என்னைப் பின்னுக்கு இழுத்தது.

"இன்னா நைனா, காது கேக்கலியா? கால்வா ஸ்லாப்பு தொறந்து கீது. உள்ள போயிருந்தா ஆள் கெடைக்க மாட்டே."

நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் பிளாஸ்டிக் பை, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பெயர் செல்வி என்பதும், அருகில் ஓர் அடுக்குமாடியில் வீட்டுவேலை முடித்துப் பெருங்குடிக்கு அப்பால் இருக்கும் தன் வீட்டுக்குப் போகிறாள் என்பதும் பிறகு தெரிந்தது. என் காலுக்கு ஒரு அடி முன்னால் தண்ணீர் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. வதனி ஏதாவது பகிடி சொல்வாள் என்று திரும்பினேன்.

அவள் ஆறடி பின்னால் நின்றாள். தண்ணீர் தொடைக்கு மேல் வந்திருந்தது. கையில் செருப்பு இல்லை, குடை இல்லை. கண் தண்ணீரிலேயே குத்தி நின்றது.

"வாரும் வதனி."

"ஏலாது."

"என்ன?"

"கால் வரேல்லை. என்னால ஏலாதப்பா."

திரும்பிப் போய் அவள் கையைப் பிடித்தேன். நகம் என் தோலுக்குள் இறங்கியது. உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அப்படியொரு முகத்தை நான் பார்த்ததில்லை. வதனி பயந்தால் இந்த உலகத்தில் நான் பற்றிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது. திறந்த கால்வாயைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"சின்னனிலை கடல்நீரேரியைப் படகிலை கடந்தனாங்கள்" என்றாள், பற்கள் அடித்துக்கொள்ள. "தம்பி அழுதவன். சத்தம் கேட்டால் ஆமி சுடும் எண்டு அம்மா வாயைப் பொத்தினவா. நான்தான் அவனுக்கு, ஒண்டும் நடக்காது, ஒண்டும் நடக்காது எண்டு காதுக்குள்ளை சொல்லிக்கொண்டு வந்தனான். அண்டைக்குப் பிறகு தண்ணியெண்டால் எனக்குச் சரியான பயம். எல்லாத்துக்கும் பயம்தான்."

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள்தான் பயப்பிட்டுக்கொண்டிருந்தனீங்களே. இரண்டு பேரும் பயந்தால் ஆர் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போறது?"

அவள் காதருகே குனிந்து, "ஒண்டும் நடக்காது" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. மறுபடியும் சொன்னேன். அவளுடைய விமானப் பகிடிகளெல்லாம் இப்படித்தான், முழு நடுக்கத்தின் மேல் வைத்துச் சொல்லப்பட்டவை என்பது அப்போது உறைத்தது. சட்டைப்பையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைப் பிடித்தேன்.

"இன்னாமா, அப்டியே நின்னுக்கினு கீறே? என் பின்னாடியே வா. நான் கால் வெச்ச எடத்துல கால் வெய்யி" என்று செல்வி முன்னால் நடந்தாள். அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தோம். ஒவ்வொரு அடிக்கும் நான் "ஒண்டும் நடக்காது" என்றேன். எத்தனை முறை என்று தெரியாது. பயம் குறையவே இல்லை, ஆனால் கால்கள் நடந்தன.

ஒரு மருந்துக்கடையின் மாடிப்படியில் ஏறி மூவரும் உட்கார்ந்தோம். செல்வி சேலையைப் பிழிந்தபடி, "நீங்க கேரளாவா? பேசறது ஒருமாரி கீதே" என்றாள்.

உதட்டில் ஆமாம் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "இல்லை. யாழ்ப்பாணம்" என்றேன். இந்த நகரத்தில் அந்தச் சொல்லை நான் வெளியில் உச்சரித்தது அதுதான் முதல் தடவை. எதுவும் நடக்கவில்லை.

"ஓ, அப்டியா. நாங்க அடையாறு ஆத்தோரம் இருந்தோம். குடிசைய இடிச்சி, தூக்கி அந்தாண்ட போட்டாங்க. வேலைல எந்த ஏரியான்னு கேட்டா இன்னா சொல்றதுன்னே தெர்ல." சிரித்தாள். மழை கொஞ்சம் விட்டதும் யோகனின் தெருவைக் கைகாட்டிவிட்டு, பெருங்குடிப் பக்கம் தண்ணீருக்குள் இறங்கிப் போனாள். நன்றி சொன்னது அவளுக்குக் கேட்டதோ தெரியாது. அவள் வீடு போய்ச் சேர்ந்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. அந்தப் பயம் இன்னமும் இருக்கிறது.

யோகனின் வீடு இரண்டாம் மாடி. பாதி முகத்தால் சிரித்து, இடது கையால் என் தலையைத் தடவினான். அவன் மனைவி எனக்கு அவனுடைய சாரமும் வதனிக்குத் தன்னுடைய சேலையும் தந்தாள். வதனி போர்வைக்குள் சுருண்டு, நடுக்கம் அடங்காமலே தேநீர் குடித்தாள். அவளைச் சிரிக்கவைக்க நான் சொன்ன பகிடி நன்றாக இல்லை. ஆனாலும் சிரித்தாள்.

அப்போது போன் அடித்தது. செய்தியில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு மகள் பெர்கனிலிருந்து பதறினாள். பதற்றத்தில் அவளுக்குத் தமிழ் வராது. "எர் டேரெ யெம்மெ?" என்றாள்.

"என்ன கேக்கிறாள்?" என்றான் யோகன், சொற்கள் குழற.

"வீட்டிலையோ நிக்கிறியள் எண்டு கேக்கிறாள்."

யோகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. யன்னலுக்குக் கீழே தெரு முழுவதும் தண்ணீர். அவனுடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, அவனுடைய கதிரையில் இருந்தபடி, "நெஸ்தன்" என்றேன் மகளுக்கு. கிட்டத்தட்ட.