மகளின் வழக்கில் நான் எழுதிய கடிதம்

என் மகளும் மூன்று மாணவிகளும், தோல் நிறம் பார்த்துத் தங்களுக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் மறுத்தார்கள் என்று பல்கலைக்கழக அதிகாரிகள்மீது வழக்குப் போட்டார்கள். நான் வெளிநாட்டுக்குக் குடிவந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன். பிள்ளைக்குப் படிக்கும் இடத்தில் பிரச்சினை என்றால் பள்ளிக்கூட அதிபருக்குப் பணிவாகக் கடிதம் எழுதுவதுதானே எங்கள் வழக்கம்? அவளுக்குத் தெரியாமல் அவளுடைய பல்கலைக்கழகப் பீடாதிபதிக்கு எழுதினேன். 'மகள் கொஞ்சம் அவசரக்காரி. பெரிய மனதோடு மன்னிக்கவும்.' நடை நன்றாக வந்திருப்பதாக எனக்குப் பெருமை வேறு.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் சத்தமாக வாசித்தார். தகப்பனே ஒப்புக்கொள்கிறார் என்றார். என்னைச் சாட்சிக் கதிரையில் உட்காரவைத்தார்கள். கதவு தூரத்தில்; மகளின் முகமோ நேரெதிரே.

"அப்பா, சீரியஸ்லி? நீங்களா எழுதினனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

அவளுக்கு நடந்ததில் எனக்கு என்ன தெரியும் என்று விசாரணை அதிகாரி கேட்டார். ஒன்றும் தெரியாது, நான் அவளிடம் கேட்கவே இல்லை என்றேன். ஒன்றும் தெரியாதவரின் கடிதம் சாட்சியம் ஆகாது என்று ஒதுக்கிவிட்டார். என் அறியாமை முதன்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது.

காரில் கேட்டேன்: "என்னம்மா நடந்தது?"

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போதெல்லாம் முதலில் அவளிடம் கேட்கிறேன். இந்தக் கதையைக்கூட அவளுக்கு வாசித்துக்காட்டிவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.